மலிவு எது? கைப்பேசி வாங்குவோர்க்கு ஒரு பாடம்

அங்கத்தினர் கல்விப் பகுதி
எழுதுபவர்: ஒரு கூட்டுறவு ஆய்வாளர்

நூல் வாங்கச் செல்லும் நெசவாளர் சிட்டத்தைக் கையிலெடுத்து, இழையைப் பிரித்து, முறுக்கைப் பார்த்து, நம்பர் சரிதானா என்று தேர்ந்த பின்னரே கட்டை ஒப்புக்கொள்கிறார். மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், சிறிது தூரம் நடக்கவிட்டும் பார்க்கிறார். தலைமுறை தலைமுறையாக நம்மிடையே வளர்ந்துவந்த அறிவு இது. ஆயினும் இவ்விருவருமே ஒரு கைப்பேசி வாங்கக் கடைக்குள் நுழையும்போது அவ்வறிவை வாயிற்படியிலேயே விட்டுச் செல்கின்றனர். பொருள் புதிது, அதன் உள்ளுறுப்புகள் நமக்குத் தெரியா, ஆகவே விற்பவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கத்தினராயிருக்கும் முதியவர் ஒருவர், பதிவேட்டில் கையொப்பமிட்ட பின்னும் எழுந்து செல்லாமல் தயங்கி நின்றார். காரணம் வினவியபோது நடந்ததைச் சொன்னார். பதினொன்றாம் வகுப்பிற் படிக்கும் பேத்தியின் பாடங்களுக்காகவும், கூலி வரவு பற்றிய வங்கிச் செய்திகளைப் பார்ப்பதற்காகவும், பக்கத்து நகரத்துக் கடையொன்றில் பழைய கைப்பேசி ஒன்றை 5,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். ரசீது கேட்டதற்கு, “ரசீது வேண்டுமானால் வரியும் சேரும், 500 ரூபாய் கூடுதலாகும்” என்று கடைக்காரர் சொல்லவே, வேண்டாமென்று வந்துவிட்டார். மூன்று வாரங்கள் கைப்பேசி நன்றாகவே வேலை செய்தது. பின்னர் ஒரு நாள் காலையில் தொடர்பு அற்றுப்போயிற்று. வேறு சிம் அட்டையைப் போட்டும் பயனில்லை. சில நாட்களில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அக்கைப்பேசி வேறொரு மாவட்டத்திற் களவு போனது. உரியவர் தாமதமாகப் புகார் கொடுத்து அதனை முடக்கச் செய்திருந்தார். முதியவர் காவலருடன் கடைக்குச் சென்றபோது கடைக்காரர் கேட்ட கேள்வி ஒன்றே: “இதை நான்தான் விற்றேன் என்பதற்கு என்ன அத்தாட்சி?”

“பணம் போனது பெரிதில்லை, ஐயா. ஒரு புகாரிலும் இதுவரை என் பேர் வந்ததில்லை. அன்று காவல் நிலையத்து வாசலில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். தெருவிற் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்” என்று அவர் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை. 500 ரூபாயை மிச்சப்படுத்தப் போய் 5,500 ரூபாயை இழந்தார் என்று கணக்கு எழுதிவிடலாம். அந்த அரை நாளை எந்தப் பற்றில் எழுதுவது?

இப்பாடத்தை எழுத அவரே காரணம். நல்ல பேரம் என்பது யாதெனில், பொருள் உழைக்கும் காலத்திற்கு மாதம் ஒன்றுக்கு என்ன செலவாகிறது என்று கணக்கிட்டு, அப்பொருள் நமக்கே உரியது என்பதற்கு ஆதாரத்துடன் வாங்குவதேயாகும். கணக்கு ஒன்று, ரசீது ஒன்று. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு கீழ்வரும் பகுதிகளைப் படிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. தேவையை முதலில் எழுதுக

கடைக்குச் செல்வதற்கு முன்பே, கைப்பேசி எதற்காக என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பேசுவதற்கும், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணைப் பார்ப்பதற்கும் மட்டுமே வேண்டுமென்றால், 4ஜி வசதியுள்ள பொத்தான் கைப்பேசியே போதுமானது. அத்தகைய கைப்பேசியிலிருந்தும் யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பும் முறை 2022 மார்ச் முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. தேவையில்லாத பொருளை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அது நஷ்டமே.

ஸ்மார்ட்போன் வேண்டியவர்களிலும் தேவை ஒன்றுபோல் இராது. சேலைகளைப் படமெடுத்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் நெசவாளருக்கு நிறம் பிசகாமற் காட்டும் கேமரா முக்கியம். இதனை மெகாபிக்சல் எண்ணைக் கொண்டு அறிய இயலாது. அவ்வெண் பெரிதாயிருந்தும் அரக்குச் சிவப்பை ஆரஞ்சு நிறமாகக் காட்டும் கைப்பேசிகள் உண்டு. ஆகவே சாயமேற்றிய நூலில் நாலைந்து நிறங்களைச் சிறு சிட்டமாக முடிந்து கடைக்கு எடுத்துச் செல்க. பகல் வெளிச்சத்தில் வாயிலருகே நின்று படமெடுத்து, நூலையும் படத்தையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

தமிழக அரசு 2018-ல் தொடங்கிய உழவன் செயலியில் விலை நிலவரமும் வானிலையும் பார்க்கும் விவசாயிக்கோ, வெயிலில் எழுத்துத் தெரியும் திரையும் நாள் முழுதும் தாங்கும் பாட்டரியும் முக்கியம். குளிரூட்டிய கடைக்குள் எல்லாத் திரைகளும் பளிச்சென்றுதான் இருக்கும். கைப்பேசியை வெயிலுக்கு எடுத்து வந்து பார்க்க அனுமதி கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. நெற்களத்தில் நெல்லைக் கையில் அள்ளிப் பாராமல் எந்த வியாபாரியும் விலை சொல்வதில்லை.

விளம்பரங்களில் “8 ஜி.பி. ரேம்” என்று பெரிய எழுத்தில் இருப்பதன் கீழே “4 + 4” என்று சிறிய எழுத்தில் இருப்பதைக் காணலாம். இதன் பொருள், உண்மையான ரேம் 4 ஜி.பி. மட்டுமே, மற்ற 4 ஜி.பி. சேமிப்பிடத்திலிருந்து கடனாக எடுத்துக் கொள்ளப்படுவது என்பதாகும். சேமிப்பிடம் ரேமைவிட வேகம் குறைந்தது. கடனாகக் கொடுத்த அளவு அதன் இடமும் குறையும். முதல் எண்ணை மட்டுமே கணக்கிற் கொள்க.

2. விலை வேறு, செலவு வேறு

கைப்பேசி எத்தனை காலம் உழைக்கும் என்பது அதன் உடல் எத்தனை காலம் உடையாதிருக்கும் என்பதை மட்டும் பொறுத்ததன்று. பூட்டின் குறைபாட்டைத் திருடர்கள் கண்டுபிடித்துவிட்டால் பூட்டை மாற்ற வேண்டுமல்லவா? அதுபோலக் கைப்பேசியை இயக்கும் மென்பொருளிற் குறைபாடுகள் கண்டுபிடிக்கப்படுந்தோறும் அவற்றை அடைக்கும் திருத்தங்களை உற்பத்தியாளர் அனுப்பிவருகிறார். இவற்றுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று பெயர். இவை நின்றபின் கைப்பேசி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வங்கிக் கணக்கை அதில் வைத்திருப்பது வரவர ஆபத்தாகும். செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடும். ஆண்ட்ராய்டு கிட்கேட் பதிப்பில் ஓடிய பழைய கைப்பேசிகளில் வாட்ஸ்அப் 2025 ஜனவரி முதல் நின்றுபோனது.

இப்புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். கூகுள் பிக்சல் 8 மாடலுக்கு 2023-லும், சாம்சங் கேலக்ஸி எஸ்24 மாடலுக்கு 2024-லும் ஏழு ஆண்டுகள் அறிவிக்கப்பட்டன. இவை விலை உயர்ந்தவை. அவற்றினும் மிகக் குறைந்த விலையுள்ள கேலக்ஸி ஏ16 5ஜி மாடலுக்கு 2024-ல் ஆறு ஆண்டுகள் அறிவிக்கப்பட்டன. விலை குறைந்த மாடல்கள் பலவற்றிற்கு இக்காலம் இதனினும் மிகக் குறுகியது. இங்கே பெரும்பாலோர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இவ்வாண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவன அல்ல. அந்த மாடல் முதன்முதற் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த மாடலைப் பண்டிகைத் தள்ளுபடியில் இன்று புதிதாக வாங்கினாலும், அதன் ஆயுளில் இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இனிக் கணக்கிற்கு வருவோம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்திற்காகக் கொண்டவை.

முதற் கைப்பேசி புதியது. விலை 12,000 ரூபாய், உறையும் திரைக் காப்பும் 400 ரூபாய், மொத்தம் 12,400. புதுப்பிப்பு இன்னும் 48 மாதங்களுக்கு உண்டு. மாதச் செலவு சுமார் 258 ரூபாய்.

இரண்டாவது பழையது. விலை 6,000 ரூபாய், பாட்டரி மாற்ற 1,200 ரூபாய், மொத்தம் 7,200. புதுப்பிப்பு மீதம் 18 மாதங்கள் மட்டுமே. மாதச் செலவு 400 ரூபாய்.

மூன்றாவதும் பழையதே, ஆனால் ஓராண்டு மட்டுமே உபயோகித்தது, ரசீது உள்ளது. விலை 7,500 ரூபாய், இடையிற் பாட்டரி மாற்ற நேர்ந்தால் 1,200 ரூபாய், மொத்தம் 8,700. மீதம் 36 மாதங்கள். மாதச் செலவு சுமார் 242 ரூபாய்.

பாதி விலைக்குக் கிடைத்த இரண்டாவது கைப்பேசியே மூன்றிலும் விலையுயர்ந்தது என்பதைக் காண்க. பழையது என்பதாலேயே ஒரு பொருள் தள்ளத்தக்கதன்று என்பதையும் காண்க. மூன்றிலும் மலிவானது மூன்றாவதான பழைய கைப்பேசியே. வயதும் ஆதாரமும் தெரிந்த பழையது, வயது தெரியாத புதியதைவிட நன்று.

3. “வட்டியில்லாத் தவணை”

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறர் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். ஆயினும் 2021-ல் கைப்பேசி வாங்கியபோது என் கணக்கை நான் பார்க்கவில்லை. விலை 12,000 ரூபாய். மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 தவணை. வட்டி இல்லை என்றார்கள். நடைமுறைக் கட்டணம் என்று 300 ரூபாயை முதலிற் பெற்றுக்கொண்டார்கள். மறுவாரம் என் நண்பர் அதே கடையில், அதே கைப்பேசியை, ரொக்கத்திற்கு 11,000 ரூபாய்க்கு வாங்கினார்.

கணக்கைப் பார்ப்போம். ரொக்க விலை 11,000; நான் கொடுத்தது மொத்தம் 12,300; அதிகம் 1,300 ரூபாய். “11,000-க்கு 1,300 என்றால் ஏறக்குறைய 12 சதவீதந்தானே” என்று தோன்றும். அது பிழை. 11,000 ரூபாயும் ஓராண்டு முழுவதும் என் கையில் இருக்கவில்லை. 300 முதல் நாளே போயிற்று. பிறகு மாதந்தோறும் 1,000 குறைந்துகொண்டே வந்தது. குறையும் நிலுவையின்மேற் கணக்கிட்டால் வட்டி விகிதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 21½ சதவீதம் ஆகிறது. சங்கக் கடனுக்கு இவ்வளவு வட்டி கேட்டால் அங்கத்தினர்கள் பொதுப் பேரவையில் என்னைச் சும்மா விடுவார்களா?

பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எடுத்துரைத்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்குக் கடன் கொடுக்குமுன், எல்லாக் கட்டணங்களும் உட்பட ஆண்டு விகிதம் எவ்வளவு என்பதை ஒரு முக்கிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும். ஆகவே தவணைக்குக் கையொப்பமிடுமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: “ரொக்கத்திற்கு விலை என்ன? விவரத் தாள் எங்கே?”

தவணை தவறினால் அபராதம் உண்டு. கடன் தகுதிப் புள்ளி குறைந்து நாளை தறிக்கோ பயிருக்கோ கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். சில நிதி நிறுவனங்கள் தவணை தவறிய கைப்பேசியைத் தொலைவிலிருந்தே பூட்டிவிடும் மென்பொருளையும் அதில் வைத்துக் கொடுக்கின்றன.

1844 டிசம்பர் 21-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 28 முன்னோடிகள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களிற் பலர் நெசவாளர்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில சரக்குகளே அக்கடையில் இருந்தன. கலப்படமற்ற சரக்கு, சரியான நிறை, ரொக்க விற்பனை என்பன அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட விதிகளுட் சில. கடன் கொடுக்க மறுத்தது ஏழைகளிடம் இரக்கமின்மையால் அன்று. கடைக்கடனில் மூழ்கிய நெசவாளருக்குப் பேரம் பேசும் வாயும் இராது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். அவ்வறிவு இன்றும் பழையதாகிவிடவில்லை. மாதம் 1,000 ரூபாயைப் பின்னாற் கட்டுவதற்குப் பதிலாக முன்னாற் சேர்த்தால், பதினோராம் மாதம் 11,000 ரூபாய் கையில் இருக்கும், கைப்பேசியும் வரும், கடனும் இராது. அதுவரை பொறுக்க இயலாத தொழிற்றேவை உடையவர், மேலே கூறிய மூன்றாவது வகைக் கைப்பேசியைத் தேடுவது நன்று.

4. புதியது வாங்கும்போது

பெட்டியின்மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உட்பட்டது. கைப்பேசிகளுக்கான ஜி.எஸ்.டி. 2020 ஏப்ரல் முதல் 18 சதவீதம். அதுவும் அவ்விலையிலேயே அடக்கம். ஆகவே “ரசீது போட்டால் அச்சிட்ட விலைக்கு மேல் வரி சேரும்” என்று யாரேனும் சொன்னால் அது உண்மையன்று. தயாரிக்கப்பட்ட மாதமும் ஆண்டும் பெட்டியில் இருக்கும்; அதனையும் படிக்க வேண்டும்.

பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருப்பவர், ஒரு மாதம் முன்பே இரண்டு மூன்று கடைகளில் விலையை விசாரித்துக் குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக. தள்ளுபடி நாளில் அக்குறிப்போடு ஒப்பிட்டால், குறைத்த விலை எது, ஏற்றிக் குறைத்த விலை எது என்பது தெரியும்.

பில் என்று நாம் வழங்கும் ரசீதில் கடையின் பெயர், தேதி, மாடல், விலை ஆகியவற்றோடு ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இருக்க வேண்டும். இது ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய 15 இலக்க எண். இரண்டு சிம் போடும் கைப்பேசிக்கு இரண்டு எண்கள் உண்டு. எண்களை அழுத்தும் இடத்தில் *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும். திரையிலும், பெட்டியிலும், ரசீதிலும் ஒரே எண் இருக்கிறதா என்பதைக் கடையைவிட்டு வெளிவருமுன் ஒப்பிடுக. பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியதை வாங்குபவர், பழையதிலிருந்து தம் கூகுள் கணக்கை நீக்கி, உள்ளிருப்பவற்றை முழுவதும் அழித்த பின்னரே கொடுக்க வேண்டும். வங்கிப் புத்தகத்தின் படத்தோடு கைப்பேசியைக் கைமாற்றுவது, திறந்த பெட்டியைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

5. பழையது வாங்கும்போது

பழைய கைப்பேசிக்குச் சோதனைகள் ஏழு. பொறுமையாகச் செய்தாலும் அரை மணி நேரத்திற்கு மேல் ஆகாது.

முதலாவது, ஐ.எம்.இ.ஐ. சோதனை. கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டு, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணையும் இட்டு 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அக்கைப்பேசியின் விவரம் பதிலாக வரும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதனைப் பார்க்கலாம். தடைப் பட்டியலில் உள்ளது என்றோ, போலி எண் என்றோ பதில் வந்தால் வாங்கலாகாது. பதிலில் வரும் மாடலின் பெயர் கையிலிருக்கும் கைப்பேசிக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க. எண்ணை மாற்றியமைப்பது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்.

இரண்டாவது, கணக்குப் பூட்டு. விற்பவர் தம் கணக்கை நம் கண்முன் நீக்கி, உள்ளிருப்பவற்றை அழித்து, மீண்டும் தொடங்கிக் காட்ட வேண்டும். அப்போது முந்தைய உடைமையாளரின் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்டால், அக்கைப்பேசி நமக்குப் பயன்படாது.

மூன்றாவது, கடன் பூட்டு. தவணையில் வாங்கப்பட்டதா என்று கேட்டு, ஆமெனில் கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, பாட்டரி. பின்மூடி சற்றே மேலெழும்பியிருந்தால் பாட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள், அது தீ அபாயம் உடையது, வாங்கற்க. ஐபோன்களில் பாட்டரியின் மீதத் திறன் சதவீதமாகத் தெரியும். 80-க்குக் கீழிருந்தால் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுக.

ஐந்தாவது, திரை. ஒரு செயலியின் சின்னத்தை விரலால் அழுத்திப் பிடித்துத் திரையின் எல்லா மூலைகளுக்கும் மெல்ல இழுத்துச் செல்க. விரல் நகர்ந்தும் சின்னம் எங்கே நழுவி விழுகிறதோ அங்கே திரை பழுது.

ஆறாவது, நம் சிம் அட்டையைப் போட்டு, இரண்டு நிமிடம் பேசிப் பார்த்தல். நாம் பேசுவது மறுமுனையிற் கேட்கிறதா, கேமரா, ஒலிபெருக்கி, சார்ஜர் துளை, விரல் ரேகை ஆகியவை வேலை செய்கின்றனவா என்பனவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஏழாவது, புதுப்பிப்புத் தேதி. அமைப்புகள் பகுதியிற் கைப்பேசி பற்றிய விவரத்தில், கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த மாதத்தியது என்பது இருக்கும். அது ஓராண்டுக்கு மேற் பழையதாயிருந்து, புதிய புதுப்பிப்பும் வராவிடில், அதன் ஆயுள் முடிந்ததாகவே கருதுக.

ஏழு சோதனைகளிலும் தேறிய கைப்பேசியும், ரசீது இல்லாவிடில் தேறியதாகாது. ஏனெனில், இன்று தடைப் பட்டியலில் இல்லாத எண் நாளை அதில் ஏறலாம். களவு கொடுத்தவர் காவல் நிலையத்திற் புகார் செய்து கைப்பேசியை நாடு முழுவதும் முடக்கச் செய்யும் ஏற்பாடு 2023 மே முதல் எல்லா மாநிலங்களிலும் உள்ளது. முடக்கப்பட்டதில் எவரேனும் சிம் போட்டால் அத்தகவல் காவல்துறைக்குச் செல்லும். நம் முதியவர் வாங்கிய அன்றே எண்ணைச் சோதித்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திராது. புகார் பின்னரே பதிவாயிற்று. அவரைக் காத்திருக்கக்கூடியது ரசீது ஒன்றே. களவுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். ரசீதின்றி, மிகக் குறைந்த விலைக்கு வாங்கியவர் தம் நேர்மையை எதைக் காட்டி நிலைநாட்டுவார்?

கடையில் வாங்கினால் கடை ரசீது வேண்டும். தனி ஆளிடம் வாங்கினால், அவருடைய முதல் ரசீதின் பிரதியும், ஐ.எம்.இ.ஐ. எண்ணும் விலையும் தேதியும் எழுதி அவர் கையொப்பமிட்ட விற்பனைச் சீட்டும், அடையாள அட்டையின் பிரதியும் பெற்றுக்கொள்க. பணத்தை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ செலுத்தினால் அதுவும் ஓர் ஆதாரம். பொருளைக் கையிற் பாராமல் முன்பணம் அனுப்பலாகாது.

6. சங்கம் செய்யக்கூடியவை

தனி ஒருவர் கடைக்காரர் முன் நிற்பதற்கும், இருபது பேர் சேர்ந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1904-ல் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கம் தோன்றியதும் அவ்வறிவினாலேயே. கைப்பேசி வேண்டிய அங்கத்தினர்கள் பெயர் கொடுத்தால், மூன்று கடைகளிடம் எழுத்து மூலம் விலைப்புள்ளி பெற்று ஒப்பிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: சங்கத்தின் பணத்தை இதற்காக முடக்குவது துணைவிதிகள் இடங்கொடுத்தாலன்றி முறையன்று. பணம் அவரவருடையதாகவே இருக்கட்டும். பேரம் மட்டும் பொதுவாக இருக்கட்டும்.

சங்க அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, விரும்பும் அங்கத்தினர்களின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் வாங்கிய தேதியையும் அதில் எழுதி வைக்கலாம். கைப்பேசி தொலைந்துபோனால் முதலில் வேண்டுவது அவ்வெண். தொலைந்த கைப்பேசியில் அதைத் தேட முடியாது. அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளிற் கைப்பேசி அறிந்த இருவரை, பழையது வாங்கச் செல்வோர்க்குத் துணையாக அனுப்பும் வழக்கத்தையும் ஏற்படுத்தலாம்.

7. ஏமாந்தபின் செய்யத்தக்கவை

புதியதோ பழையதோ, வணிகரிடம் ரசீதுடன் வாங்கிய பொருளிற் குறையிருந்து அவர் சரிசெய்ய மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. வணிகர் அல்லாத தனி ஆள் தம் பழைய பொருளை விற்றிருந்தால் இச்சட்டத்தின் துணை எளிதிற் கிட்டாது. ஆகவே அங்கே எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். கைப்பேசி வழியாகப் பணம் ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

அம்முதியவரை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். ஏழு மாதம் சேமித்து, வேறொரு கடையில், ஓராண்டு உபயோகித்த கைப்பேசி ஒன்றை வாங்கியிருந்தார். அதைக் காட்டுமுன், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ரசீதை எடுத்து என்னிடம் நீட்டினார். தேதியும், எண்ணும், கையொப்பமும் ஒழுங்காக இருந்தன. என் தணிக்கைப் பணியில் அவ்வளவு நிறைவோடு நான் பார்த்த ஆவணங்கள் சிலவே.

நினைவிற் கொள்க

தேவையை எழுதாமற் கடைக்குச் செல்லற்க. மொத்தச் செலவை மீதமுள்ள மாதங்களால் வகுத்துப் பார்க்க. ரொக்க விலையைக் கேளாமல் தவணைக்கு இசையற்க. ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சோதித்து எழுதி வைக்க. ரசீதில்லாப் பொருளை எவ்விலைக்கும் வாங்கற்க.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. ஒரு பழைய கைப்பேசியின் விலை 9,000 ரூபாய். பழுது பார்க்க 600 ரூபாய். புதுப்பிப்பு மீதம் 24 மாதங்கள். புதியது ஒன்றின் மொத்தச் செலவு 13,200 ரூபாய். புதுப்பிப்பு 60 மாதங்கள். எது மலிவு? கணக்கிட்டுக் காட்டுக.

2. ஐ.எம்.இ.ஐ. சோதனையில் தேறிய கைப்பேசிக்கும் ரசீது ஏன் வேண்டும்?

3. உங்கள் கைப்பேசியின் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த மாதத்தியது? கூட்டத்திலேயே பார்த்துச் சொல்லுக.

4. உங்கள் சங்கத்தில் இவ்வாண்டு கைப்பேசி வாங்கவிருப்போர் எத்தனை பேர்? அவர்கள் சேர்ந்து பேரம் பேசுவதற்குத் தடை யாது?